சிலிகான் பென்சில் கிரிப்: எந்தக் குழந்தைக்கு உதவும், எதற்கு வீண்?

பென்சிலைச் சரியாகப் பிடிக்க அதில் மாட்டும் சிலிகான் கிரிப்கள் ஸ்டேஷனரி கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலும் மூன்று வகைதான். விரல் படும் இடம் குழிந்த முக்கோண வகை, கட்டைவிரல் தாண்டிப் போகாமல் மேலே இரண்டு சிறகு வைத்த வகை, விரல்களையே உள்ளே நுழைக்கும் பை வகை. ஆஸ்பெர்கர் எனப்படும், பேச்சில் தாமதமில்லாத ஆட்டிசம் வகை உள்ள குழந்தையின் எழுத்து கோணலாக இருக்கிறது என்றதும் பெற்றோர் முதலில் வாங்குவது இதைத்தான். (2013க்குப் பின் வரும் மருத்துவ அறிக்கைகளில் பெரும்பாலும் 'ஆட்டிசம் நிறமாலை' என்றே இருக்கும், குழந்தை அதேதான்.) மூன்றில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் சிறகு வகை. அதுவும் எல்லாருக்கும் அல்ல.

கோளாறு பிடியிலா, எழுத்தின் வடிவத்திலா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கென்னடி கிரீகர் நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் எழுத்தளவும் இடைவெளியும் மற்ற குழந்தைகளுடையதைப் போலவே இருந்தன. எழுத்தின் உருவம்தான் குலைந்திருந்தது. தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மூன்று சுழி 'ண'வில் சுழி ஒன்று கூடும் அல்லது குறையும். 'ழ'வின் வால் எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாமல் கை நடுவில் நிற்கும். கோட்டை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குத் திட்டமிடத் தெரியாததால் வரும் சிக்கல் இது. இதற்கு எந்த கிரிப்பும் உதவாது. தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி வைத்து, கரும்பலகையில் பெரிதாக, ஒவ்வொரு திருப்பத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குவதே வழி.

கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் ஏறி மூடிக்கொள்கிறதா? ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு உள்பக்கமாக வளைகிறதா? அரைப் பக்கம் எழுதுவதற்குள் கையை உதறுகிறதா? அப்படியானால் சிறகு வகை காசுக்கு மதிப்பு. முக்கோண வகையில் கட்டைவிரல் வழுக்கி மறுபடி பழைய இடத்துக்கே போய்விடும். பை வகை விரலைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது, ஆனால் உள்ளே வியர்க்கும். தொடுகை கூச்சம் உள்ள பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

மாட்டும்போது பென்சிலைச் சோப்பு நீரில் நனைத்தால் எளிதில் ஏறும். சிலவற்றில் இடக்கை, வலக்கைக்கு என ஆங்கில எழுத்துக் குறி இருக்கும். எழுதும் கைக்குரிய குறியின்மேல் கட்டைவிரல் வர வேண்டும். விரல்கள் கூர்முனையிலிருந்து சுமார் 2 செ.மீ. மேலே நிற்கட்டும். பருமனான பென்சிலில் சாதாரண கிரிப் ஏறாது. புது சிலிகானில் வாடையும் பிசுபிசுப்பும் இருக்கும். கழுவிக் காயவைத்து, இரண்டு நாள் சும்மா கையில் வைத்து உருட்ட விடுங்கள். பெரிய தொல்லை சீவுவதுதான். ஒவ்வொரு முறையும் கிரிப்பை மேலே தள்ளி, சீவி, மறுபடி இறக்க வேண்டும். வகுப்பு நடுவில் அந்தப் பிள்ளையால் இது முடியாது. அதனால் சீவி கிரிப் மாட்டிய மூன்று பென்சில்களைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

அழுத்தி எழுதுவதை கிரிப் ஓரளவே குறைக்கும். தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் எழுத்து புடைத்திருக்கிறதா பாருங்கள். விரலுக்கு அழுத்தம் உறைக்காததால்தான் பல பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள். ஹெச்பி பென்சிலை விட்டு, அதைவிட மென்மையான முனையுள்ள 2பி கொடுத்தால் மெல்லத் தொட்டாலே கறுப்பாக விழும். முனை ஒடிந்தால் அழுத்தத்தைக் குறைப்பான் என்று மெக்கானிக்கல் பென்சில் கொடுப்பவர்கள் உண்டு. எல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும் என்று தவிக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு ஒடிவும் ஓர் அழுகை. வேண்டாம்.

கிரிப்புக்கு முன்பே செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 3 அங்குல பாக்ஸ் ஃபைலின் தடித்த முதுகு குழந்தையிடமிருந்து தள்ளி, எதிர்ப்பக்கம் இருக்கும்படி மேசையில் படுக்க வைத்தால் சுமார் 15 டிகிரி சாய்வு கிடைக்கும். மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு வளையும், விரல்கள் அசையும். நழுவாமல் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். பாதம் தரையில் படவில்லையென்றால் காலடியில் பலகை. உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் விரல் நுனிக்குக் கட்டுப்பாடு வராது.

ஏழெட்டு வயதுக்கு மேல் பிடியை மாற்றுவது கடினம். வலியில்லாமல் படிக்கும்படி எழுதினால், நான்கு விரலால் பிடித்தாலும் விட்டுவிடலாம். அந்த வயதில் தட்டச்சும் தேர்வுச் சலுகையும் கிரிப்பைவிட அதிகம் உதவும். சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் ஆட்டிசம் சான்றிதழ் உள்ள மாணவருக்கு மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக 60 நிமிடமும், வேண்டுமானால் சொல்வதை எழுத ஆளும் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வையுங்கள்.