நோட்டீஸில் நீலத் தொப்பியோடு சிரிப்பது நான்தான், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உணவு பதப்படுத்தும் துறையில் 3 மாதப் பயிற்சி, நூறு சதவீதம் வேலை உறுதி என்று. அதில் நீலத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுச் சிரிக்கிற பெண் நான்தான். என்னைக் கேட்காமல் போட்ட படம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் போன் செய்து, "எந்தக் கம்பெனி, என்ன சம்பளம்?" என்று விசாரித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். இன்னொருத்தி என் முகத்தைப் பார்த்துக் கம்மலை அடகு வைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்தேன். போன வருடம் பிப்ரவரியில், சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு போய்ச் சேர்ந்தேன். பதிவுக் கட்டணம் 500, பயிற்சிக்கு 12,000, யூனிபார்ம் 2,000, வேலை வாங்கித் தர 4,000. மொத்தம் 18,500 ரூபாய். ரசீது 12,000-க்கு மட்டும்தான் கொடுத்தார்கள். அதுவும் ஏதோ அறக்கட்டளை பெயரில், 'நன்கொடை' என்று எழுதி. அன்றைக்கு அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. 'சரிபார்க்க' என்று பிளஸ் டூ மார்க் ஷீட்டின் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்த சார் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏனென்றால் பாதி உண்மை. உணவுத் தொழிலில் லைசென்ஸ் வாங்கியவர்கள் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரை வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்கிறது. அது நிஜம். "மாவட்டத்தில் இத்தனை மாங்கூழ் கம்பெனி இருக்கிறது, ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்கிறார்கள், நீங்களே வகுத்துப் பாருங்கள்" என்றார். வகுத்துப் பார்த்து நாங்கள் 22 பேர் பணம் கட்டினோம். அந்தப் பயிற்சி சில மணி நேரத்தில் முடிகிற ஒன்று, கம்பெனிகள் ஏற்கெனவே தங்களிடம் இருக்கிற ஆளையே அனுப்பிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும் என்பதை அவர் சொல்லவில்லை. நோட்டீஸில் மத்திய அரசுத் திட்டத்தின் முத்திரை போல ஒன்று வேறு. பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா என்ற அந்தத் திறன் பயிற்சித் திட்டத்தில் படிக்கிறவர்களிடம் பயிற்சிக்குப் பணம் வாங்கக் கூடாது. அதாவது, கட்டணம் கேட்ட அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வகுப்பு ஒரு செருப்புக் கடையின் மாடியில். இயந்திரங்களை எல்லாம் சுவரில் படமாகக் காட்டினார்கள். மூன்று மாதத்தில் கையால் செய்தது ஒரே ஒரு தடவை, மிக்ஸியில் அரைத்த மிக்ஸ்டு புரூட் ஜாம். ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார்கள். ஜாம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மே மாதம் 'வேலை' வந்தது. விடியற்காலை ஒரு வேனில் ஏற்றி ஒரு மாங்கூழ் கம்பெனிக்குக் கூட்டிப் போனார்கள். தொப்பி, ஏப்ரன் போட்டதும் ஒரு போட்டோ. அப்புறம் பெல்ட்டின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஓடி வருகிற பழத்தில் அழுகலைப் பொறுக்க வேண்டும், காம்பை வெட்ட வேண்டும். நாள் கூலி 430 ரூபாய். பக்கத்தில் நின்ற அக்காவிடம், எவ்வளவு கட்டிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"எதுக்கும்மா காசு? மேஸ்திரிக்குப் போன் பண்ணா வீட்டாண்டயே வந்து ஏத்திக்கிட்டு வருவாரே. எட்டு சீசனா வர்றேன்."

நான் 18,500 கொடுத்து வாங்கியது அந்த வேன் சீட்டைத்தான். ஜூலைக் கடைசியில் பெங்களூரா மாம்பழ வரத்து நின்றது, வேனும் நின்றது. மையத்தின் கணக்கில் நான் இன்றைக்கும் 'வேலையில் சேர்ந்தவர்'. அதற்குச் சாட்சிதான் அந்த போட்டோ.

இன்னொன்று உண்டு, பணத்தை விட அதுதான் எனக்கு வலித்தது. அந்தக் கம்பெனியின் லேபில் ஒரு பெண் இருந்தாள், என்னை விடச் சின்னவள். டீ நேரத்தில் என் சர்ட்டிபிகேட்டைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, பிரிக்ஸ் பார்த்திருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றதும் ஒரு சொட்டுக் கூழை ஒரு சின்னக் கருவியின் கண்ணாடி மேல் வைத்து, கண்ணருகே பிடித்துப் பார்க்கச் சொன்னாள். பாதி நீலம், பாதி வெள்ளை, நடுவில் கோடு. கோடு 15-இல் நின்றது. கூழில் எவ்வளவு இனிப்புச் சத்து இருக்கிறது என்று காட்டுகிற அளவுதான் பிரிக்ஸ். பெங்களூராக் கூழ் 14-க்குக் கீழே போனால் வாங்குகிறவர்கள் எடுக்க மாட்டார்களாம். அப்புறம் புளிப்பை அளக்கிற பி.எச். மீட்டர், புளிப்பு கூடினால் எண் குறையும். மாங்கூழில் புளிப்பு இருப்பதால் அந்த எண் 4.6-க்குக் கீழேயே நிற்கும், அதனால் 100 டிகிரியைத் தாண்டாத சூடே போதும். அந்த அளவுக்கு மேலே போகிற பண்டமென்றால் டப்பாவை அடைத்து 121 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விஷம் உண்டாக்குகிற கிருமி பிழைத்துக்கொள்ளும். சூடு காட்டிய கூழைக் காற்றுப் படாமல் கிருமி நீக்கிய பையில் நிரப்புவதால் பதப்படுத்தும் மருந்தே போடுவதில்லை. எங்கள் சாரோ, மருந்து போட்டால் எதுவும் கெடாது என்று ஒரு வாரம் பாடம் எடுத்திருந்தார். பத்து நிமிட டீ நேரத்தில் கற்றது மூன்று மாதத்தில் கற்றதை விட அதிகம்.

ஆகஸ்டில் மார்க் ஷீட்டைக் கேட்கப் போனேன். இன்னும் 3,000 பாக்கி என்றார்கள். கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பிறகு ஒரே வாரத்தில் வீட்டுக்கே வந்தது. பணம் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை தாக்கல் கட்டணம் கிடையாது என்பதே அங்கே போன பிறகுதான் தெரியும். 'நன்கொடை' ரசீதுதான் தலைவலி, பயிற்சிக்காகக் கொடுத்த பணம் என்று நாம் காட்ட வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக அந்த 4,000-ஐ என் வீட்டுக்காரர் ஜிபேயில் அனுப்பியபோது 'வேலைக்கு' என்று குறித்திருந்தார். குட்டி யானை ஓட்டுகிற மனுஷன், யாருக்கு அனுப்பினாலும் எதற்கென்று எழுதி வைப்பார். அதை நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

இப்படி ஒரு இடத்தில் சேரப் போகிறவர்கள், முதலில் ஒரு காலை நேரம் கம்பெனி கேட்டில் நின்று ஷிப்டுக்கு வருகிற பெண்களிடம் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். என்னோடு படித்த 22 பேரில் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். மீதிப் பேர் இதைப் பார்த்தால், எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் சேர்ந்தே மனு கொடுக்கலாம்.