மண்ணைக் காலாக்கிய அகராதிச் செயலி

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தமிழில் பொருள் சொல்லும் செயலி இருக்கிறது என்றார்கள், இறக்கிக்கொண்டேன். மூன்று மாதமாகிறது.

முதல் வாரம் மயங்கித்தான் போனேன். டபிள்யூ, ஆர் என்று தட்டினால் ரிஸ்ட், ரிங், ரெஞ்ச், ரிங்கிள், ரீத் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. மணிக்கட்டு, பிழிதல், முறுக்குதல், சுருக்கம், மலர்வளையம். எல்லாவற்றிலும் ஒரு திருகல். சத்தமே போடாத அந்த டபிள்யூவை என் மகள் இப்போதெல்லாம் விடுவதே இல்லை. "அப்போ ரைட் எங்கப்பா முறுக்குது?" என்று ஒருநாள் மடக்கினாள். எழுதுவதைச் சொல்லும் அந்த ரைட்டின் பழைய பொருள் கீறுவது. செயலி அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜி, எல் தட்டினால் கிளிட்டர், கிளீம், கிளோ. நம் பளபள, தகதக, மினுமினு மாதிரி ஒரே வெளிச்சம். எஸ், என் போட்டால் எல்லாம் மூக்குச் சமாசாரம்: ஸ்னோர், ஸ்னிஃப், ஸ்னவுட், ஸ்னீஸ். இதில் ஸ்னீஸ் பழைய ஆங்கிலத்தில் எஃப்-இல் தொடங்கிய சொல், பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நான் மாட்டியது பெடலில். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் லத்தீன் கால். செயலி அமெரிக்க எழுத்துக்கூட்டலில் ஓடுவதால் குழந்தை மருத்துவரான பீடியாட்ரிஷியனும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் கிரேக்கக் குழந்தை வழி. காலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதையாவது கண்டுபிடித்துவிட்டேன். பெடாலஜி? இது இன்னொரு கிரேக்கச் சொல்லிலிருந்து, நிலம் என்ற பொருளில் வந்தது. செயலி 'பாதவியல்' என்றது, நானும் தூக்கக் கலக்கத்தில் அப்படியே போட்டேன். உரத்தைப் பற்றிய கட்டுரையில் திடீரென்று ஒரு பாதவியல் பேராசிரியர்! 'மண்ணியல்' என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பினார் ஆசிரியர். கூடவே ஒரு கேள்விக்குறி, ரொம்பப் பெரிதாக.

ஆன்டி வரிசையும் இதே கதை. ஆன்டிபயாடிக், ஆன்டிடோட் சரி, 'எதிர்' என்ற பொருள் பொருந்துகிறது. ஆன்டிசிபேட்டில் இருப்பது 'முன்' என்ற பொருள் தரும் லத்தீன் ஒட்டு. தமிழில் 'எதிர்பார்' என்று எதிர் தானாக வந்துவிடுவதால் தப்பித்துக்கொண்டார்கள். பழம்பொருளைச் சொல்லும் ஆன்டிக்கையும் அங்கேயே அடைத்திருக்கிறார்களே, அது எதற்கு எதிராம்?

தேடல் வேகம், எழுத்துரு, எல்லாம் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் நிற்க வேண்டுமென்றால் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். வேலைக்கு வேண்டாம்.

பெடாலஜிக்குத் திருத்தம் எழுதிப் போட்டேன். 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று அன்றே பதில் வந்தது. இன்று காலையும் தட்டிப் பார்த்தேன், இன்னும் பாதத்தில்தான் நிற்கிறது.