உங்கள் வலைத்தளத்தின் பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது?

சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்துக்கொள்ள ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி யாராவது உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் இன்றே படியுங்கள்.

நான் திருநெல்வேலியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில், 2023 ஆகஸ்டில், கூகுளின் பிளாகரில் இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்கினேன். எங்கள் மாவட்டத்துக் குளங்களும் அவற்றுக்கு வரும் பறவைகளும்தான் பொருள். கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுவதையும், அந்த ஊர்க்காரர்கள் அவற்றைப் பிள்ளைகளைப் போலக் காப்பதையும் எழுதினேன். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள், நயினார்குளம், விஜயநாராயணம் பெரியகுளம், ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஓராண்டுக்குள் 22 கட்டுரைகள் சேர்ந்தன.

தளத்தைக் கொஞ்சம் அழகாக்க வேண்டும், பறவைப் பெயர்களுக்கு அகரவரிசைப் பட்டியல் வேண்டும், குளங்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்று தோன்றியது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு வடிவமைப்பாளரிடம் போனேன். முன்பு அச்சு வேலை செய்தவர். பிறகு வலைத்தள வேலைக்கு வந்தவர். "பிளாகர் எல்லாம் விளையாட்டுக்கு, தங்கச்சி. வேர்ட்பிரஸில் (தளம் அமைக்கும் மென்பொருள்) சொந்தப் பெயரில் செய்துவிடலாம். டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இணைய இடம்), விலை கொடுத்து வாங்கும் தீம் (தோற்ற வார்ப்புரு) எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய்" என்றார். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. 2024 ஜூனில் அவருடைய கைப்பேசி எண்ணுக்கு யுபிஐ வழியாக அனுப்பினேன். பில் கேட்கவில்லை. அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். நீங்கள் தயங்காதீர்கள்.

தளம் வந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. பழைய வலைப்பூவை அழித்துவிடச் சொன்னார். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் ஒதுக்கிவிடும் என்றார். நம்பி அழித்தேன். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட்டிருந்தாலே போதும் என்பதையும், அழித்த வலைப்பூவை 90 நாளுக்குள் மீட்க பிளாகர் வழி வைத்திருக்கிறது என்பதையும் பல மாதம் கழித்துத்தான் அறிந்தேன்.

முதலில் தெரிந்த கோளாறு எழுத்துரு. திரையில் தலைப்புகள் எல்லாம் நல்ல தமிழ். ஒரு தலைப்பை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை விழுந்தது. அச்சு வேலையில் பழகிய பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தும் முறையில், தலைப்புகளை அடித்து, அந்த எழுத்துருவைத் தளத்தில் ஏற்றியிருந்தார். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே அல்ல. 'கூந்தன்குளம்' என்று தேடும் ஒருவருக்கு என் தலைப்பு அகப்படாது. பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் செயலிகளும் அதைக் குப்பையாகத்தான் படிக்கும். எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. நோட்டோ போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருக்க, காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்வது சோம்பலல்ல, ஏமாற்று. 24 தலைப்புகளை நானே உட்கார்ந்து மாற்றி அடித்தேன்.

அடுத்து தீம். விலை கொடுத்து வாங்கியதாக அவர் சொன்னது, பூட்டு உடைத்துச் சுற்றில் விடப்பட்ட திருட்டுப் பிரதி. வகுப்புத் தோழி ஒருத்தி கூகுளில் என் தளத்தின் பெயரைத் தேடியபோது சூதாட்டத் தளங்களின் பெயர்கள் கூடவே வந்தன. பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அத்தனை இணைப்புகள் ஒளிந்திருந்தன. இப்படிப்பட்ட திருட்டுத் தீம்களில் யாரோ இதையெல்லாம் நுழைத்துத்தான் இலவசமாகப் பரப்புகிறார்கள். வேர்ட்பிரஸின் சொந்தக் கிடங்கிலேயே ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் இருக்கின்றன. விலைத் தீம் என்று யாராவது சொன்னால் அதன் உரிமம் உங்கள் மின்னஞ்சலில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ரசீதைக் கேளுங்கள்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 2025 மே கடைசியில் அவர் அழைத்தார். "புதுப்பிக்க வேண்டும் தங்கச்சி, 7,000 ரூபாய்." விசாரித்துப் பார்த்தால், டாட் காம் பெயர் ஒன்றை ஓராண்டுக்குப் புதுப்பிக்க அதைவிட மிகக் குறைவாகத்தான் ஆகும். பெயரை மட்டும் என் கணக்குக்கு மாற்றிக்கொடுங்கள், ஹோஸ்டிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அது பேக்கேஜ், பிரிக்க முடியாது" என்றார். அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை.

தளத்தின் பெயரை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தக் கணக்கில் உங்கள் பெயரும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை என்று பதில் வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். பெயரை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைப் பதிவுசெய்தவருக்குத்தான் கொடுப்பார்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, இணையப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. அந்த மின்னஞ்சல்களும் அவருக்கே போயின. 46 கட்டுரைகள் எழுதிய நான் அந்த ஏட்டில் எங்கேயும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். உரிமையாளர் யார் என்று ஐகானின் தேடுபக்கத்தில் பார்த்தால் பெரும்பாலும் பெயர் மறைக்கப்பட்டே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போக முடிகிறதா? நினைவூட்டல் மின்னஞ்சல் உங்களுக்கு வருகிறதா? இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதானால் அந்தப் பெயர் உங்களுடையதல்ல.

ஜூனில் தளம் நின்றது. காலாவதியான பெயர் உடனே சந்தைக்கு வராது. நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு மீட்புக்கென்று 30 நாள், கடைசியில் 5 நாள் கழித்தே யாரும் வாங்கலாம். நான் நாள்காட்டியில் கோடு போட்டபடி காத்திருந்தேன். விடுவிக்கப்பட்ட காலை என் கைக்கு முன்னால் வேறொருவர் கை முந்திவிட்டது. பழைய இணைப்புகள் உள்ள பெயர்களைக் கவ்வுவதற்கென்றே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

கட்டுரைகளில் 31ஐ, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலிருந்து எடுத்துவிட்டேன். படங்கள் பல போய்விட்டன. இப்போது மறுபடி பிளாகருக்கே வந்துவிட்டேன். தீமின் நிரலை நானே திருத்தினேன், பறவைப் பட்டியலைக் குறிச்சொற்களைக் கொண்டே அமைத்தேன், வரைபடத்தையும் சேர்த்தேன். சொந்தப் பெயர் வாங்கினால் அதைப் பிளாகரில் இணைக்கக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சான்றிதழும் இலவசம். அவர் 9,500 வாங்கிச் செய்த வேலை எனக்கு மூன்று வார இறுதிகள் ஆனது. மாதம் ஒருமுறை முழுப் பிரதியையும் இறக்கிப் பென்டிரைவில் வைக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. என்னிடம் இருப்பது யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும்தான். அவற்றை வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி யாரிடம் வேலை கொடுத்தாலும் பெயரை என் கணக்கில் நானே வாங்கிவிட்டு, அவருக்கு வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டுமே கொடுப்பேன்.

பழைய முகவரியைத் திறந்தால் இப்போது ரம்மி விளம்பரம் வருகிறது. போன ஆண்டு நாங்குநேரி பக்கம் மூன்று பள்ளிகளில் பறவைகளைப் பற்றிப் பேசப் போனபோது, அந்த முகவரியை அச்சிட்ட தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுவரிலும் ஒட்டினோம். இரண்டு பள்ளிகளில் ஆசிரியர்கள் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்துவிட்டார்கள். மூன்றாவது பள்ளிக்கு வரும் சனிக்கிழமை நானே போகிறேன்.