ஒன்பது வருடம் ஃப்ரீசர்ஃபரோடு: புறணித் தடிமன் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், தடிமனை அளக்க ஒன்பது வருடமாக ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளை கொடுப்பது என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். அது தரும் எண் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புறணியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 1 மி.மீ.யை ஒட்டி இருக்கும், சில இடங்களில் 4.5 மி.மீ. வரை போகும், சராசரி 2.5 மி.மீ. அளவில் நிற்கும். வழக்கமான டி1 வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒரு வாக்ஸலின், அதாவது படத்தை ஆக்கும் சிறு கனசதுரத்தின், பக்கமே 1 மி.மீ. ஆக, நாம் அளக்க வந்த பொருள் மொத்தமும் இரண்டு மூன்று வாக்ஸலுக்குள் முடிந்துவிடுகிறது. விளிம்பில் இருக்கும் வாக்ஸலில் பாதி புறணியின் சாம்பல் பொருளும் பாதி அதற்கு அடியிலுள்ள வெண்பொருளும் கலந்து கிடக்கும். ஆனால் மென்பொருள் 2.437 என்று மூன்று தசமத்தோடு எழுதித் தருகிறது. ஆரம்பத்தில் அந்த மூன்று தசமத்தைப் பார்த்தே நான் நம்பினேன்.

அது வாக்ஸல்களை எண்ணுவதில்லை. வெண்பொருள் முடியும் இடத்தில் ஒரு வலைப்பரப்பு, புறணியின் வெளிவிளிம்பில் இன்னொன்று என இரண்டை வரைகிறது. ஒரு அரைக்கோளத்துக்கே ஒரு லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் உள்ளிருந்து வெளியே மிகக் குறைந்த தூரம் எவ்வளவு, வெளியிலிருந்து உள்ளே எவ்வளவு என்று பார்த்து, இரண்டின் சராசரியை எடுக்கிறது. புரூஸ் ஃபிஷலும் ஆண்டர்ஸ் டேலும் 2000-இல் வெளியிட்ட முறை இது. கணக்கு அவ்வளவுதான், அதில் தப்பு வர இடமில்லை. தப்பு வருவதெல்லாம் அந்த இரண்டு கோடுகளும் எங்கே போய் உட்கார்ந்தன என்பதில்தான்.

முதல் வருடம் முதுமை பற்றிய ஒரு ஆய்வில் வேலை. எழுபதைத் தாண்டிய ஒருவருடைய ஸ்கேனில் இடது டெம்போரல் துருவத்தின் (பக்க மடலின் முன்நுனி) தடிமன் 4.1 என்று வந்தது, வலது பக்கம் 3.4. அந்த வயதில் இவ்வளவு தடிமனா என்று உறுத்தியதால் ஃப்ரீசர்ஃபரின் படம் பார்க்கும் கருவியான ஃப்ரீவ்யூவில் திறந்து, முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்த்தேன். மஞ்சள் கோடு, அதாவது உள்பரப்பு, சரியாக இருந்தது. வெளிப்பரப்பைக் காட்டும் சிவப்புக் கோடு பத்துப் பன்னிரண்டு வெட்டுகளில் புறணியை விட்டு வெளியே போய், மூளையை மூடியிருக்கும் டியூரா உறையையும் சேர்த்து வளைத்துக்கொண்டிருந்தது. டி1 படத்தில் டியூராவும் புறணியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய கருப்பு இடைவெளி அந்த ஸ்கேனில் மங்கிப்போயிருந்தது. எது மூளை என்று மென்பொருள் குறித்துவைக்கும் மூளை முகமூடியில் அந்த வாக்ஸல்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, கணக்கீட்டின் பிற்பாதிப் படிகளை மறுபடி ஓடவிட்டேன். மறுநாள் காலை 3.5 வந்தது. குழுவின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தப்பு அதற்குள் சத்தமில்லாமல் கரைந்துபோயிருக்கும்.

அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது நடுப்பள்ளத்தை. அதன் முன்சுவரில் இயக்கப் புறணி, பின்சுவரில் தொடு உணர்வுப் புறணி. முன்சுவர் தடிமனானது, பின்சுவர் மெல்லியது. 1925-இல் வான் எக்கனோமோவும் கோஸ்கினாஸும் இறந்தவர்களின் மூளையை வெட்டி அளந்து போட்ட அட்டவணையிலேயே இது இருக்கிறது. தடிமன் வரைபடத்தை, மடிப்புகள் விரிய பலூன்போல் ஊதவைத்த பரப்பின் மேல் விரித்தால், பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும்போது நிறம் சட்டென்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் அந்த ஸ்கேனை அப்படியே ஒதுக்கிவைத்து, என்ன ஆனது என்று தேடுவேன்.

இன்னொரு விஷயம், திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறது என்பதால் அந்த விடை சரி என்று ஆகிவிடாது. 2006-இல் ஹான் குழுவினர் ஒரே ஆட்களைப் பலமுறை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒரே இயந்திரத்தில் வேறுபாடு 0.03 மி.மீ.க்கும் குறைவு. ஒரு தயாரிப்பாளரின் இயந்திரத்திலிருந்து இன்னொருவருடையதற்கு மாறினால் சராசரியாக 0.15, காந்தப்புல வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்கு மாறினால் 0.17. நோயால் வரும் மெலிவே பல நேரம் இந்த அளவுதான் இருக்கும்! முதல் எண் எனக்குத் தெம்பு தந்தது, மற்ற இரண்டும் இன்றுவரை பயமுறுத்துகின்றன. அந்த 0.03-க்குள்ளும் ஒரு சங்கதி உண்டு. இயக்கப் புறணி, முதன்மைப் பார்வைப் புறணி மாதிரி மயலின் (நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை) அதிகமான இடங்களில் புறணியின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும். உள்பரப்பு அதை வெண்பொருள் என்று எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் நகர்ந்துவிடும், தடிமன் குறைந்து வரும். நூறு தடவை ஓடவிட்டாலும் நூறு தடவையும் அதே குறைவுதான் வரும்.

உங்கள் இயந்திரத்தில் எவ்வளவு ஆட்டம் என்று தெரிய வேண்டுமா? ஒருவரை ஸ்கேன் எடுத்து, மேசையிலிருந்து இறக்கி, மறுபடி படுக்கவைத்து இன்னொன்று எடுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஓயாசிஸ் என்ற பொதுவில் கிடைக்கும் மூளை ஸ்கேன் தரவில் 20 பேர் 90 நாளுக்குள் இரண்டாம் முறை வந்திருக்கிறார்கள். நான் பழகியது அதில்தான். பெரிய பகுதிகள் அழகாக ஒத்துப்போகும். டெம்போரல் துருவம், நினைவோடு தொடர்புள்ள என்டோரைனல் புறணி, கண்குழிக்கு மேலே உள்ள முன்மடல் பகுதி, இந்த மூன்றும் தாறுமாறாக ஆடும். ஆல்சைமர் ஆய்வுக்கு நமக்கு மிகவும் வேண்டியது அந்த என்டோரைனல்தான் என்பது வருத்தமான விஷயம்.

தலை அசைவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அசைந்தால் படம் மங்கும், மங்கினால் புறணி மெலிந்ததுபோல் வரும். ரோய்டர் குழுவினர் 2015-இல் இதை அளந்தே காட்டினார்கள். குழந்தைகளும் நோயாளிகளும்தான் அதிகம் அசைவார்கள், அதனால் நோயின் விளைவு எது, அசைவின் விளைவு எது என்று பிரிப்பது கஷ்டம். நான் செய்வது இதுதான்: சரிசெய்வதற்கு முன்பு பரப்பில் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்பதை ஆய்லர் எண் சொல்லும். அதன்படி எல்லா ஸ்கேனையும் வரிசைப்படுத்தி, மோசமானதிலிருந்து திறந்து பார்க்கத் தொடங்குவேன். திருத்தும்போது யார் நோயாளி, யார் ஆரோக்கியமானவர் என்று எனக்குத் தெரியாதபடி பெயர்களை மறைத்துவிடச் சொல்வேன். தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும்.

2017-இல் ஃப்ரீசர்ஃபரின் 6.0 பதிப்பு வந்ததும் ஆசையாக மாற்றினேன். ஆய்வு பாதியில் இருந்தது. ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் 5.3-இல் ஓட்டியிருந்தேன், நோயாளிகளைப் புதியதில். இரண்டு குழுவுக்கும் நல்ல வேறுபாடு வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு எனக்கே சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் ஒரே பதிப்பில், ஒரே கணினியில் மறுபடி ஓட்டினேன். ஆறு வாரம் போனது, வேறுபாட்டில் பாதி காணாமல் போனது. இது 2012-லேயே குரோனன்ஷில்ட் குழுவினர் எச்சரித்ததுதான். பதிப்பை மாற்றினால் தடிமன் சராசரியாக 2.8 சதவீதமும் கனஅளவு 8.8 சதவீதமும் மாறுவதைக் கண்டிருந்தார்கள். இயங்குதளத்தை மாற்றினால்கூட எண்கள் நகரும் என்றும் காட்டியிருந்தார்கள். அதை முன்பே படித்திருந்தும் அசட்டையாக விட்டது என் தவறு.

இதே வேலையைச் செய்யும் ஃபாஸ்ட்சர்ஃபர், கேட்12, ஆன்ட்ஸ் என்ற மென்பொருள்கள் எல்லாவற்றையும் முயன்றிருக்கிறேன். ஃபாஸ்ட்சர்ஃபரின் வேகம் பெரிய வரப்பிரசாதம், ராத்திரி முழுக்க ஓடும் வேலையை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிக்கிறது. மற்ற இரண்டும் தடிமனுக்கு வேறு வரையறை வைத்திருப்பவை, அவற்றின் எண்ணையும் இதன் எண்ணையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிடாதீர்கள். ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்து ஸ்கேன் செய்வதாக இருந்தால் அவருடைய எல்லா ஸ்கேனையும் சேர்த்தே கணக்கிடும் ஃப்ரீசர்ஃபரின் நெடுங்கால வழியைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். தனித்தனியாக ஓட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

போன மாதம் ஒரு மருத்துவர் ஒரே ஒருவருடைய அறிக்கையைக் காட்டி, "சராசரி 2.3 வந்திருக்கிறது, இது குறைவா?" என்று கேட்டார். அதே இயந்திரத்தில், அதே அமைப்பில், அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். பதினொன்று என்றார். சரி, அவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று வாங்கி வந்தேன். ஏழு முடிந்திருக்கிறது. அதில் இரண்டில் சிவப்புக் கோட்டைத் திருத்த வேண்டியிருந்தது.