ஆறு ஆண்டுகளாக ஏ.ஏ. கூட்டங்களில் நான் கேட்டவை

சென்னையில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் மாலை 7 மணிக்குக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) குழுவுக்கு ஆறு ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு இது. முதல் ஆண்டில் ஏறக்குறைய தினமும் சென்றேன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள். இடையில் நான்கு மாதம் மீண்டும் குடித்தேன். அதன்பின் நான்கரை ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. இந்தக் கூட்டங்களுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அவர்களது வீட்டாருக்கும் பயன்படும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

குழுவில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்த பிறகும் அவருக்கு யாரும் புத்திமதி சொல்வதில்லை. அடுத்தவர் தன் கதையைத்தான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அதற்கு முன் மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று வாரம் தங்கி, கல்லீரல் எப்படிக் கெடுகிறது, மூளை எப்படிப் பழகுகிறது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். எனக்குத் தெரியாமல் இருந்தது என் குடியல்ல, என் பொய்கள் என்பது இரண்டாம் மாதத்தில்தான் விளங்கியது. அன்று ஒரு வங்கி ஊழியர், சம்பள நாளன்று வேண்டுமென்றே வீட்டில் ஒரு சண்டையைத் தொடங்கிவிட்டு, அந்தக் கோபத்தையே காரணமாகக் காட்டி வெளியே கிளம்பிவிடுவதாகச் சொன்னார். என் மனைவி சண்டைக்காரி என்று பதினொரு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்த நான், அந்த இடத்திலேயே தலை குனிந்து அழுதேன். இதையே யாராவது எனக்கு அறிவுரையாகச் சொல்லியிருந்தால், அவரோடும் சண்டை போட்டிருப்பேன்.

அறிவுரை சொல்லாமல் தன் கதையைச் சொல்லும் இந்த வழக்கம் பிறந்த விதமும் இதைத்தான் காட்டுகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் காரியமாக வந்த பில் வில்சன், காரியம் கைகூடாத நிலையில் மறுபடி குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். வில்சன் அவருக்குப் போதிக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் கதையைச் சொன்னார். அந்த மருத்துவர் குடியை முற்றிலும் நிறுத்திய 1935 ஜூன் 10ஆம் தேதியையே இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள்.

நான் சறுக்கித் திரும்பிய நாளைச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் கொடுத்துக்கொண்டு வந்த பெரியவர் என் கைகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கோப்பை நிறைய ஊற்றியவர் எனக்குப் பாதிதான் ஊற்றினார். நடுங்கும் கையில் நிறைந்த கோப்பை தளும்பிச் சிந்தும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு மாதம் எங்கே போனாய் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. "இன்று எனக்கு முதல் நாள்" என்று நானாகச் சொன்னேன்.

கட்டணம் கிடையாது. முடிவில் சுற்றிவரும் பையில் விரும்பியதைப் போடலாம். வெளியாரின் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அவர்களின் மரபு.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். எங்கள் குழுவிலேயே ஒரு மூத்த உறுப்பினர், புதிதாக வந்த இளைஞரிடம் மனநல மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். அந்த இளைஞர் மிகவும் அவதிப்பட்டார். அது ஏ.ஏ.வின் கொள்கையே அல்ல, உறுப்பினர்கள் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்றே அதன் வெளியீடு சொல்கிறது. கடவுள் பற்றிய பேச்சு சிலருக்கு இடறும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் வருவது "நாம் உணர்ந்தபடியான கடவுள்" என்பதால், எங்கள் குழுவில் நாத்திகர் இருவர் குழுவையே அந்தக் கடவுளின் இடத்தில் வைத்து நிலைத்திருக்கிறார்கள்.

இது வெறும் நம்பிக்கை மட்டும்தானா என்று என் தம்பி கேட்டான். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏ.ஏ.வில் பங்கேற்க ஊக்குவிக்கும் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகக் கண்டது. அதை அவனிடம் காட்டினேன். ஆயினும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் திரும்ப வரவே இல்லை.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சன் முன்னின்று தொடங்கிய அல்-அனான் கூட்டத்துக்கு என் மனைவி மூன்று ஆண்டுகளாகச் செல்கிறாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை. வியாழக்கிழமைகளில் இரு கூட்டமும் ஒரே நேரத்தில் நடப்பதால், முன்பு நான் இருக்கைக்கு அடியில் குவாட்டர் பாட்டிலை ஒளித்துவைத்த அதே ஸ்கூட்டரில் இருவரும் சேர்ந்து போய்வருகிறோம்.