அம்மா சாப்பிட்ட எனலாப்ரில் மாத்திரை: மூன்று மாத அனுபவம்

அம்மாவுக்கு பிரஷர் 160க்கு மேல் போனதும் டாக்டர் எழுதிக் கொடுத்தது எனலாப்ரில் 5 மி.கி., காலையில் ஒன்று. பிரஷரைக் குறைப்பதில் இதைக் குறை சொல்லவே முடியாது, மூன்றாவது வாரமே 130க்கு வந்துவிட்டது, விலையும் கம்மி. ஆனால் கூடவே ஒரு வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ குறுகுறுவென்கிறது என்பார், படுத்தால் இன்னும் அதிகம். இரண்டு பாட்டில் சிரப் குடித்தாயிற்று, அப்புறம் எக்ஸ்ரே, நெஞ்சில் ஒன்றுமில்லை. மாத்திரையாலும் இருமல் வரும் என்று ஆரம்பத்திலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகு நானே தேடிப் படித்தேன். நுரையீரல் மூச்சு விடுவதற்கு மட்டும் இல்லை. உடம்பு ரத்தம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் போய்த்தான் வருகிறது, அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஏ.சி.இ. என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் வரும் ஆஞ்சியோடென்சின் 1ஐ அது 2ஆக மாற்றுகிறது, குழாய்களைச் சுருக்கி பிரஷரை ஏற்றுவது இந்த 2தான். பிராடிகைனின் என்கிற பொருளை உடைப்பதும் அதே நொதி, அதில் பெரும்பகுதி நுரையீரலை ஒரு தடவை கடப்பதற்குள்ளேயே காலி. (செரட்டோனினையும் நுரையீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது, அட்ரினலினைத் தொடுவதே இல்லை. எதை விடுவது எதைப் பிடிப்பது என்று அதற்கு எப்படித்தான் தெரிகிறதோ!) எனலாப்ரில் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால் பிரஷர் இறங்குகிறது, ஆனால் உடைபடாத பிராடிகைனின் தேங்கி மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டுகிறது, இருமலுக்கு முக்கியக் காரணமாகச் சொல்வது இதைத்தான். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப் போய்த்தான் இந்த வகை மருந்தே பிறந்தது என்று படித்தபோது அசந்துபோனேன்.

டாக்டரிடம் சொன்னதும் டெல்மிசார்டன் 40க்கு மாற்றினார். அது நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைக்கிறது. இரண்டு வாரத்தில் இருமல் நின்றது, அம்மா ராத்திரி முழுக்கத் தூங்குகிறார்.

எனலாப்ரிலுக்கு நான் கொடுப்பது 5க்கு 3. இருமல் வராதவர்களுக்கு இது அருமையான மருந்து, இருமல் வந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். உதடோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அதற்கும் இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம்.