50 எம்எம் லென்ஸும் மாமனார் வேட்டியும்

மகள் பிறந்த வருடம் வாங்கிய 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் இது. நான்கு வருடமாக ஆனைமலைப் பக்கம் மாமனார் தோப்பில் அவளை எடுத்த படம் அத்தனையும் இதில்தான். என் கேமராவில் படம் விழும் சென்ஸார் சிறியது, ஏபிஎஸ்-சி என்பார்கள். அதனால் 75 எம்எம் போல நெருக்கமாகத் தெரியும். அவள் முழு உருவம் விழ நான் பத்தடியாவது பின்னால் போக வேண்டும். வீட்டுக்குள் முதுகு சுவரில் முட்டும். களத்தில் அந்தக் கவலையில்லை.

முதல் வருடம் எதற்கெடுத்தாலும் லென்ஸை முழுக்கத் திறந்து 1.8தான். ஒரு கண் கூர்மை, மறு கண் கலங்கல். பின்னால் இருப்பது தென்னையா எருக்குழியா என்று எனக்கே தெரியாது. எண் கூடினால் திறப்பு சுருங்கும், கூர்மை கொஞ்சம் ஆழமாக விழும். இப்போது 2.8க்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை. அவள் ஓடும்போது ஷட்டர் 1/500 நொடியைவிட வேகமாக.

என்னை அதிகம் படுத்தியது தென்னை நிழல். கண்ணுக்குக் குளுமை, படத்தில் முகமெல்லாம் அம்மை போட்டது போல வெள்ளைத் திட்டு. உச்சி வெயில் என்றால் இப்போது சாளை, அதாவது தோட்டத்து வீட்டின், தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்துவிடுகிறேன். நிழல் முடியும் இடத்துக்கு ஓரடி உள்ளே, முகம் வெளியே திறந்த வானத்தின் பக்கம் திரும்பியபடி. கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் மின்னும்.

மாலையில் வெயில் அவள் முதுகுப் பக்கம். முடியோரம் பொன்னாகும், முகம் இருண்டுவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றிப் பார்த்தேன், வானம் வெளுத்துப் போனது. அப்புறம்தான் கொடியில் காய்ந்த மாமாவின் வேட்டி கண்ணில் பட்டது. நான்காக மடித்து அவள் முன்னால், இடுப்புயரத்தில் அவரையே பிடிக்கச் சொன்னேன். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெயிலில் கன்னத்தில் வெளிச்சம் ஏறியது. மார்கழியில் மட்டும் அவசரம், வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும்.

நின்றபடி எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும். குத்துக்காலிட்டு அவள் கண் மட்டத்துக்கு இறங்குவேன். தலைக்கு மேல் தென்னை முளைத்தால் அரையடி நகர்ந்தால் போதும்.

லென்ஸின் குறை? அந்தி மசங்கும் நேரத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். அவள் நேராக என்னை நோக்கி ஓடி வந்தால் பத்துக்கு மூன்று தேறும். ஆனாலும் மாற்றும் எண்ணமில்லை.

மாமா அந்தப் பக்கமிருந்து, "சாமீ, அப்பாவப் பாரு" என்று கூப்பிடுவார். அவள் அவரைத்தான் பார்ப்பாள். எனக்கு ரொம்பப் பிடித்த படத்தில் கீழ் மூலையில் வேட்டிக் கரை விழுந்திருக்கிறது. வெட்டட்டுமா என்றேன். "ஏனுங் மாப்ள, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றார்.